குளம் எந்தப் பக்கம்?

போன வாரம் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பெரியவள், ஐந்து நாள் ஆகியும் மனசளவில் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாள், துணி துவைத்தாள், கடைக்குப் போய் வந்தாள். எல்லாம் பேருக்கு.

விஷயம் இதுதான். அவளும் தம்பியும் வளர்ந்த பெரிய வீடு இடிந்து விழுகிற நிலைக்கு வந்தபோது, பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிடலாம் என்று சொன்னவள் அவள். முடியவே முடியாது என்று குதித்தவன் அவள் தம்பி. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனை வழிக்குக் கொண்டுவர அவள் ஒரு வாக்குக் கொடுத்தாள். சுவர் எப்படியோ போகட்டும், தோட்டம் மட்டும் இருந்தது இருந்தபடி வரும், அதற்கு நான் பொறுப்பு என்றாள்.

"ஒரு செடி இடம் மாறியிருந்தாலும் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது," என்று சொல்லிவிட்டுத்தான் அவன் கையெழுத்துப் போட்டான்.

வேறு யாராவது சொல்லியிருந்தால், ஏதோ கோபத்தில் சொன்னது என்று தள்ளிவிடலாம். தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லை. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தராத சித்தப்பா மகனோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவன். குடை வந்து சேர்ந்த பிறகும் இரண்டு வருஷம் பேசவில்லை.

அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரு புல்கூட மிச்சமில்லை. வாடகைக்கு இருந்த கம்பெனி மரங்களை வெட்டி, குளத்தைத் தூர்த்து, தரையைச் சமன் செய்து லாரி நிறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே அறக்கட்டளைக்காரர்கள் பழைய தோட்டத்தின் வரைபடம் கேட்டார்கள். பெரியவளுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வரைபடம் வரைந்தவள். ஒரு கோடு பிசகியதாக எந்த அதிகாரியும் சொன்னதில்லை. குடும்பத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஸ்கேல்'தான். கண்ணை மூடினால் தோட்டம் தெரிந்தது, ஒரே மூச்சில் வரைந்து கொடுத்தாள். மாடி ஜன்னலில் நின்று பார்த்தால் இடது பக்கம் குளம், அதன் கரையில் மாதுளை, வலது பக்கம் திராட்சைப் பந்தல், ரோஜாப் பாத்திகள். அதன்படியே நட்டார்கள்.

போன வாரம் தோட்டப் பொறுப்பாளராக இருக்கும் பெண் போன் செய்தாள். பக்கத்து வீட்டாரின் ஆல்பத்தில், தோட்டத்தை வீட்டுப் பக்கமிருந்து எடுத்த பழைய போட்டோ ஒன்று கிடைத்ததாம். அதில் குளம் வலது பக்கம் இருக்கிறதாம். போட்டோவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்திருப்பார்கள் என்று பெரியவள் வாதாடிப் பார்த்தாள். அதில் நிற்பவரின் சட்டைப்பை இடது பக்கம்தான் இருக்கிறது, போட்டோ சரிதான் என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள்.

"மேடம், தோட்டம் மொத்தமும் இடம் வலமா மாறிப் போயிருக்கு."

பெரியவள் அன்றிலிருந்து எத்தனை தடவை கண்ணை மூடிப் பார்த்திருப்பாள்! ஒவ்வொரு தடவையும் குளம் இடது பக்கமே தெரிந்தது. இது பிசகு என்றால் புத்தியே பிசகிவிட்டதா என்று பயம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் தம்பியைப் பற்றியது. கணவர் போன பிறகு அவளுக்கென்று இருக்கிற ஒரே வாசல் அவன் வீட்டு வாசல். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். அவனுடைய மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் தவறாமல் இவளை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்ப்பவள் அவள். இன்றோடு அதெல்லாம் போய்விடும்.

வீட்டைப் பொதுமக்களுக்குத் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. குடும்பத்தார் முதலில் வந்து பார்க்கட்டும் என்று அழைத்திருந்தார்கள். பாதிச் சமையலில் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி நான்கு வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத தம்பி, இன்றைக்குக் காலை எட்டு மணிக்கே காரோடு வந்து நின்றான். புதுச் சட்டை வேறு.

அவன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். இடம் வலம் பார்த்தே வயிறு வளர்த்தவன். ஊரில் யார் ஏமாந்தாலும் அவன் ஏமாற மாட்டான்.

காரிலேயே சொல்லிவிடுவது என்று பெரியவள் தீர்மானித்திருந்தாள். முதல் தடவை வாயைத் திறந்தபோது சிக்னல் விழுந்தது. இரண்டாம் தடவை திறந்தபோது, குளக்கரை மாதுளையில் ஏறி விழுந்து முன்பல் உடைந்த கதையை அவன் ஆரம்பித்துவிட்டான். மூன்றாம் தடவை அவள் திறக்கவே இல்லை. பின்சீட்டில் இருந்த நர்ஸ், என்ன அண்ணி வேர்க்குது என்று கேட்டு ஜன்னலை இறக்கிவிட்டாள்.

வீடு வந்ததும் மூன்று பேரும் காரைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து பல் இளித்துக்கொண்டிருந்த சுவர் இப்போது வெள்ளை வெளேரென்று நின்றது. ஜன்னல் கதவுகளுக்குப் பழைய பச்சையையே அடித்திருந்தார்கள். பதினான்கு அடுக்குப் பெயிண்டைச் சுரண்டி அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தார்களாம். தம்பி வாசல் தூணைத் தடவிப் பார்த்தான். பரவாயில்லையே என்றான். அவன் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

போன் செய்த அந்தத் தோட்டக்காரப் பெண் வாசலில் காத்திருந்தாள். முதலில் தோட்டமா, வீடா என்று கேட்டாள். தம்பி தோட்டம் என்று சொல்வதற்குள் பெரியவள் வீடு என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பெரியவள் செய்த அழும்பு கொஞ்சநஞ்சமில்லை. சமையலறையில் புகைபோக்கியின் அகலத்தைச் சாணால் அளந்தாள். மாடிப்படியை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை எண்ணினாள். சாமான் அறையில் ஒன்றுமே இல்லை, அதையும் பத்து நிமிஷம் பார்த்தாள். தோட்டம் தெரிகிற பின்பக்க ஜன்னல் எங்கே வந்தாலும் அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒல்லியான உடம்பு, எந்த ஜன்னலைத்தான் மறைக்க முடியும்? ஆனாலும் தம்பிக்கு அந்த நேரத்தில் உள்ளே பார்க்கவே நிறைய இருந்தது. மாடிப்படியின் கைப்பிடிக் கட்டையில் சின்ன வயதில் அவன் ஆணியால் கீறிய பஸ் அப்படியே இருந்தது. மெருகேற்றியவர்கள் அதை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அவன் அதைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பெரியவள் படிகளை மூன்றாம் தடவை எண்ணப் போனாள்.

படி ஏறும்போது நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். நாடி பார்க்கிறவளிடம் எதை மறைப்பது? பெரியவள் நான்கே வார்த்தையில் சொல்லிவிட்டாள். நர்ஸுக்கும் முகம் மாறியது. குடை விவகாரம் அவளுக்கும் தெரியுமே.

"நீங்களே சொல்லிடுங்க அண்ணி. அவரா கண்டுபிடிச்சா ரெண்டு தப்பாயிடும்."

நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் மேலே போவதற்குள் தம்பி அம்மாவின் அறைக்குள் போயிருந்தான்.

அந்த அறைக்கென்று ஒரு கதை உண்டு. பெரியவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நான்கு வயது இருக்கும்போது அம்மா மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு இருந்த ஒன்பது வருஷமும் அம்மா இந்த அறையில், இந்தக் கட்டிலில்தான் இருந்தாள். அம்மாவுக்காகவே அப்பா வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டார். அம்மா கண் மூடிய மறு வருஷம் பெரியவள் வேலை கிடைத்து வேறு ஊர் போனாள். இந்த அறைக்குள் அவள் கால் வைத்து நாற்பது வருஷம் ஆகிறது.

புதுப்பித்தவர்கள் அறையை ஊகத்தில் அடுக்கவில்லை. கட்டில் கால் நான்கும் பதிந்த தடம் தரையில் இருந்ததாம், அதன்மேலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். சுவரில் இருந்த ஆணித் துளைகளை அளந்து எந்தச் சாமான் எங்கே மாட்டியிருந்தது என்று கண்டுபிடித்தார்களாம். தோட்டக்காரப் பெண் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். தம்பி கேட்கவில்லை. அவன் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் கை மெல்ல மேலே எழுந்து, வலது பக்கம் காட்டியது. அப்புறம் இடது பக்கம் காட்டியது. ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் ஒடித்த பையனைப் பார்ப்பதுபோல் தோட்டத்தைப் பார்த்தான்.

"குளம் வலது பக்கம்ல இருந்துச்சு," என்றான்.

பெரியவள் கதவருகிலேயே நின்று சொன்னாள். "நான்தான் தப்பா வரைஞ்சு குடுத்துட்டேன். இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. போன வாரமே எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

அவன் திரும்பினான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவன் மெதுவாகப் பேசினான்.

"ஒரு செடி மாறியிருந்தாப் பரவால்லன்னு விட்ருப்பேன். மொத்தத்தையும் மாத்தி வச்சிருக்கே. உன் வார்த்தைய நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?"

பெரியவளுக்குக் காது அடைத்தது, கதவைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து, கட்டிலோரம் கிடந்த முக்காலியில் அவளை உட்காரவைத்து, தலையைக் குனிந்து மூச்சு விடுங்க என்றாள். பெரியவள் குனிந்தாள், மூச்சு விட்டாள், நிமிர்ந்தாள்.

எதிர்ச் சுவரில் கண்ணாடி இருந்தது.

ஆளுயரக் கண்ணாடி, மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டியது. அதில் அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் ஏதோ உறுத்தியது. யோசிக்காமல் கையை நீட்டினாள்.

"குளம் அங்க இருக்கக் கூடாது. இங்க, இடது பக்கம் இருக்கணும். இங்க உக்காந்து பார்த்தா எப்பவும் இடது பக்கம்தான்..."

பாதியில் நின்றுவிட்டாள். முப்பத்தாறு வருஷம் டிரேசிங் பேப்பரில் வேலை செய்தவளுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தாளைத் திருப்பிப் போட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். இத்தனை நாளாக அவள் மனசுக்குள் வைத்திருந்தது தோட்டத்தை அல்ல, கண்ணாடியில் விழுந்த தோட்டத்தை.

அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருந்தது. காற்று முகத்தில் பட வேண்டும் என்று தலைமாட்டை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டார்கள். திரும்பிப் படுக்க முடியாத அம்மாவுக்குத் தோட்டம் முதுகுப் பக்கம் போய்விட்டது. அதனால்தான் அப்பா கால்மாட்டில் இந்தக் கண்ணாடியை மாட்டினார். அம்மா படுத்தபடி கண்ணாடியில் தோட்டம் பார்த்தாள். பெரியவள் இந்த முக்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஊட்டினாள், தலை வாரினாள், பள்ளிக்கூடப் பாடம் எழுதினாள், நிமிர்ந்தபோதெல்லாம் கண்ணாடியில் தோட்டம் பார்த்தாள். கண்ணாடி அந்த அறையின் இன்னொரு ஜன்னலாகவே ஆகிவிட்டது. அப்படி ஒன்று இருந்ததே அவளுக்கு ஞாபகமில்லை.

இவ்வளவையும் அவள் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். தம்பி வந்து அவள் பக்கத்தில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, தலையை அவள் தலைக்கு நேராக வைத்துக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் குளம் வலது பக்கம் இருந்தது. அவனுக்குத் தெரிந்த தோட்டம், ஓர் அங்குலம் மாறாமல் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது.

அவன் வெகுநேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

"நீ எத்தனை தடவை தோட்டத்துக்குள்ள வந்திருப்பே?"

பெரியவள் யோசித்தாள். வேண்டுமென்றே குறைத்துச் சொல்லவில்லை, நிஜமாகவே எண்ணிப் பார்த்தாள். "மூணு தடவை இருக்கும். நாலு தடவைன்னும் வச்சுக்கலாம். எங்கடா நேரம் இருந்துச்சு?"

"ஒன்பது வருஷத்துல?"

"யாராவது ஒருத்தர் அம்மாகூட இருக்கணும்ல?"

"அந்த யாராவது எப்பவும் நீதான்." தம்பி ஜன்னலைக் காட்டினான். "நான் அங்க மரம் ஏறிக்கிட்டு இருந்தேன். நீ இங்க உக்காந்திருந்தே. அதை நான் ஒரு நாள்கூட யோசிச்சதில்லக்கா. பெரிசா உன்கிட்ட சத்தியம் வாங்க வந்துட்டேன்."

ஐம்பத்து நான்கு வயது மனிதன், புதுச் சட்டையின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவள் அவன் தலையில் கை வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அது ஐந்து நாளாக அடக்கிவைத்திருந்த அழுகை இல்லை. புத்தி பிசகவில்லை, கை பிசகவில்லை, தம்பி போகவில்லை. நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது அவளுக்கே தெரிந்தது. நிம்மதி என்றால் இதுதான்.

தம்பி எழுந்து ஜன்னலுக்குப் போய் மறுபடியும் வெளியே பார்த்தான்.

"அம்மா ஒரு நாளும் அதுக்குள்ள நடந்ததில்ல. படுத்துக்கிட்டு இப்படித்தான் பார்த்தாங்க, குளம் இடது பக்கம். அப்ப இதுதான் அம்மாவோட தோட்டம். நான் விளையாடினதுதான் வேற."

தோட்டக்காரப் பெண் பாவம், இவ்வளவு நேரமும் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். மழைக்காலத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றி நடலாம், ஒரு வருஷம் ஆகும், குடும்பத்தார் விருப்பம் எதுவோ அதைக் குழுவிடம் சொல்கிறேன் என்றாள். தம்பி பதறிவிட்டான். ஒரு செடியைத் தொட்டாலும் எனக்கும் உங்களுக்கும் பேச்சு கிடையாது என்று அவளிடம் சொன்னான். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். குடைக்கு ஒன்பது வருஷம், தோட்டத்துக்கு ஒன்பது நிமிஷம், மனுஷன் தேறிவிட்டார் என்றாள்.

பிறகு கீழே இறங்கினார்கள். தோட்டத்துக்குள் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாத தோட்டமா என்று தம்பி முன்னால் போனான். பந்தலுக்கு என்று திரும்பிக் குளத்துக்குப் போனான். குளத்துக்கு என்று திரும்பி ரோஜா முள்ளில் சட்டையை மாட்டிக்கொண்டான். பழைய பழக்கத்தில் கால் தானாக எதிர்ப் பக்கம் திரும்பியது. முப்பது வருஷம் ஒரு பயணியையும் வழி தவறவிடாத டிரைவர், அரை ஏக்கர் தோட்டத்தில் மூன்று தடவை வழி தவறினான். கடைசியில் பெரியவள்தான் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நாலே தடவை வந்த தோட்டத்தில் அவளுக்கு எல்லாத் திருப்பமும் தெரிந்தது. ஆனால் குளத்துத் தண்ணீர் இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் உள்ளே விட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

எழுந்து பந்தலைத் தாண்டிப் போனபோது பாதை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மதில் வரைக்கும் வெறும் புல்தரை.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று தம்பி கேட்டான்.

"எனக்கு என்ன இருந்துச்சுன்னு தெரியாதுடா. கண்ணாடி அதோட முடிஞ்சு போச்சு."

தம்பி நின்றான். புல்லைப் பார்த்தான், திரும்பி மாடி ஜன்னலைப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மாறியது. நர்ஸ் என்ன என்று கேட்டாள். அவன் அக்காவைப் பார்த்தே பதில் சொன்னான்.

"இங்க ஒரு பெஞ்சு இருந்துச்சு. அப்பாவே செஞ்சு போட்டது. கண்ணாடியில தெரியாத இடமாப் பார்த்துத்தான் போட்டிருக்காருன்னு இப்பதான்க்கா எனக்குப் புரியுது."

"எதுக்கு?"

"தினமும் சாயங்காலம் தனியா வந்து உக்காந்து, துண்டால முகத்தைப் பொத்திக்குவாரு. நான் மாதுளையில இருந்து பார்ப்பேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒரு தடவை சொன்னாரு. இன்னி வரைக்கும் சொல்லல. இவகிட்டகூட."

அவன் புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினான்.

"உக்காருக்கா. உன்கிட்ட சொல்றேன்."

பேச்சே கிடையாது என்று அவன் சொல்லப்போகும் நாள் இது என்று பயந்துகொண்டு காலையில் கிளம்பியவள், ஈரக்காலோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.